தைலத் தழை மிதித்த நாற்றங்கால்

விதைத்த ஆறாம் நாள் காலையில் நாற்றங்காலுக்குத் தண்ணீர் கட்டினேன். அதுவரை வெறும் ஈரத்தில் நிற்கும் முளை, முதல் தண்ணீர் ஏறும்போது கொஞ்சம் தலையாட்டும், பிறகு நிமிர்ந்துகொள்ளும். நான் வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து அப்படித்தான் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு நிமிரவில்லை. மடையைத் திறந்த சற்று நேரத்தில் முளைகள் சாய்ந்தன, சேற்றை விட்டுக் கிளம்பின, தண்ணீர் இழுத்த பக்கம் போய்த் தெற்கு வரப்போரம் ஒதுங்கின. எட்டு சென்ட் நாற்றும் என் கண் முன்னால் மிதந்தது.

ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். மேலே பச்சை இருந்தது. கீழே வேர் என்று சொல்ல ஒன்றும் இல்லை. வெள்ளையாய், நூலாய், சேற்றுக்குள் விரல் நீளம் போயிருக்க வேண்டிய வேர், அரிசி நீளத்தோடு நின்றுபோயிருந்தது. நுனி பழுப்பேறிக் கிடந்தது. இன்னொன்றை எடுத்தேன், அதுவும் அப்படியே. கை நிறைய அள்ளிப் பார்த்தேன், அத்தனையும் அப்படியே. வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் ஊர் கச்சிராயபாளையத்தைத் தாண்டி, கல்வராயன் மலை அடிவாரத்துக்குப் போகிற வழியில் இருக்கிறது. தென்னாற்காடு என்று ஒரே மாவட்டமாக இருந்த காலம் அது. கோமுகி அணை வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விடுவார்கள். நம் முறை வரும்போது நாற்றங்கால் தயாராக இல்லையென்றால், அடுத்த முறைக்குப் பதினைந்து நாள் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அதனால் எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு ஆவணி பிறந்தாலே தழை பற்றித்தான் பேச்சு. நாற்றங்காலில் தழையைப் பரப்பி, சேற்றோடு மிதித்து, அது அழுகி அடங்கிய பிறகு பரம்படித்துச் சமன்செய்து விதைப்பது வழக்கம். கொளுஞ்சி, ஆவாரை, புங்கந்தழை என்று மலையடிவாரத்திலிருந்து தலைச்சுமையாகக் கொண்டுவருவோம்.

அந்த வருஷம் காட்டுக்குள் தழை ஒடிக்க விடவில்லை. காவலுக்கு ஆள் நின்றது. இரண்டு முறை போய் வெறுங்கையோடு திரும்பினேன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். என் வீட்டுக்காரரைப் பொறுமைசாலி என்று ஊரில் சொல்வார்கள். என்னைக் கட்டிக்கொண்டதற்காகக் கொடுத்த பட்டம் அது. "பொறுத்துக்கலாம், கொளுஞ்சி எங்கனா கெடைக்கும்" என்றார். பொறுப்பதற்கு நானா ஆள்?

ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் ஒருவர் தைல மரத் தோப்பு வைத்திருந்தார். அந்த வாரம்தான் மரத்தை வெட்டி லாரியில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். கழித்துப் போட்ட தழை மலை மலையாய்க் கிடந்தது. கேட்க ஆள் இல்லை, தடுக்க ஆள் இல்லை. எட்டுக் கட்டு தூக்கி வந்தேன். அக்கம்பக்கத்துப் பெண்கள் கூட, "நமக்கு இது தோணலையே" என்று மூக்கில் விரல் வைத்தார்கள். தழை என்றால் தழை, மண்ணில் போட்டால் எரு என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். தழை கெடுதல் செய்யும் என்று சொன்னால் பால் கெடுதல் செய்யும் என்று சொன்னது போல இருந்திருக்கும். நான் பெருமையில் மிதந்துகொண்டே அதைச் சேற்றில் மிதித்தேன். மூன்றாம் நாளே தண்ணீர் முறை வந்தது, பரம்படித்துவிட்டேன்.

விதைக்க வந்தவர் என் வீட்டுக்காரருக்குச் சித்தப்பா முறை. எனக்கு மாமா. சொந்த நிலம் ஒரு சாண் கிடையாது. ஆனால் ஆவணி, புரட்டாசியில் எங்கள் தெருவில் அவரைப் போல மரியாதை வேறு யாருக்கும் இல்லை. முப்பது வீட்டு நாற்றங்காலுக்கும் அவர்தான் விதை விடுவார். கைராசிக்காரர் என்று பெயர். அவர் வீசினால் விதை ஒன்றன்மேல் ஒன்று விழாது. குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, கிழக்கே பார்த்து முதல் கையை வீசுவார். முடிந்ததும் அந்த வீட்டில் இலை போட்டுச் சாப்பாடு. மற்ற மாதங்களில் கரும்பு வெட்டவும் வரப்பு வெட்டவும் கூப்பிடுகிறவர்கள் கூட, அந்த இரண்டு மாதம் அவரை "வாங்க" என்றுதான் சொல்வார்கள்.

அந்த ஆடியில் அவருடைய மனைவி செத்துப்போனாள். ஆண் பிள்ளை இல்லை, ஒரே பெண், திருநாவலூரில் கட்டிக்கொடுத்திருந்தார். மகன் இல்லாததால் அவரே கொள்ளி வைத்தார். காரியம் முடிந்து ஒரு மாதம் கழித்து, அந்த வருஷத்தின் முதல் விதைப்புக்கு எங்கள் நாற்றங்காலில் இறங்கினார்.

இறங்கினவர் காலைத் தூக்கிப் பார்த்தார்.

"மருமவளே, இன்னா இது, வாடை இப்டி அடிக்குது? தழை இன்னும் பச்சையாவே கீதே. ஒரு வாரம் போவட்டும்மா."

"தண்ணி முறை எனக்காவ ஒரு வாரம் காத்துக்கினு இருக்குமா? நீங்க வெதைய வுடுங்க மாமா."

கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டேன். அவர் கூடைக்குள் கையை விட்டார். கிழக்கே திரும்பினார், முதல் கையை வீசினார்.

இத்தனையும் வரப்பில் உட்கார்ந்திருந்த அந்தக் காலையில் எனக்கு ஞாபகம் வந்தது. ஆனால் அதற்குள் என் கண் வடகிழக்கு மூலைக்குப் போய்விட்டது. மடை வாய்க்குப் பக்கத்தில் ஒரு கட்டில் அகலத்துக்கு நாற்று மிதக்காமல் நின்றுகொண்டிருந்தது. எழுந்து ஓடினேன். ஒன்றைப் பிடுங்கினேன். வரவில்லை. பலமாக இழுத்ததும் வந்த வேர் வெள்ளையாய், நீளமாய், சேற்றைக் கவ்விக்கொண்டு வந்தது. அந்த மூலைக்குத் தழை போதாமல் நான் அப்படியே விட்டிருந்தேன். என்னைத் தவிர வேறு யாருக்கும் அது தெரியாது.

அந்த இடத்திலேயே எனக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. தைலத் தோப்புக்குள் புல் கூடச் சரியாக முளைக்காது என்பதை நான் பார்க்காதவளா? பார்த்திருக்கிறேன். நிழலினால் என்று நினைத்துக்கொண்டேன்.

கேள்விப்பட்டு என் வீட்டுக்காரர் ஓடி வந்தார். அவரோடு பக்கத்துக் கழனிக்காரரும் வந்தார். என் வீட்டுக்காரர் மிதந்த நாற்றை அள்ளிப் பார்த்துவிட்டு, முகம் கறுத்துப்போய் நின்றார். பிறகு சொன்னார்.

"கொள்ளி வெச்ச கை. நாம கூப்ட்டிருக்கக் கூடாது."

ஆத்திரத்தில் வந்த ஒற்றை வார்த்தை அது. மனுஷர் கெட்டவர் இல்லை. நான் அப்போதே, "அதெல்லாம் இல்லீங்க, நான் போட்ட தழைதான்" என்று சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். வாய் வரைக்கும் வந்தது. கூடவே, "பொறுத்துக்கலாம்னு சொன்னேனே, கேட்டியா?" என்று அவர் பக்கத்துக் கழனிக்காரர் முன்னால் கேட்பது போலவும் காதில் விழுந்தது. வாயை மூடிக்கொண்டேன். நன்றாக நின்ற அந்த மூலையையும், அவர்கள் போன பிறகு, மண்வெட்டியால் கொத்திக் கலைத்தேன். இதை எழுதும்போது எனக்குக் கூசுகிறது. ஆனால் செய்தேன்.

மத்தியானத்துக்குள் பேச்சு தெரு முழுக்கப் போய்விட்டது. மறுநாள் காலையில் மாமா விதைக்கப் போக வேண்டிய வீட்டில், "இன்னிக்கு வேணாம், நாங்களே பாத்துக்கறோம்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்த வீட்டுக்காரர்கள் அவ்வளவு மரியாதையாகக் கூடச் சொல்லவில்லை. அவர் வருவதைப் பார்த்ததும் கதவைச் சாத்திக்கொண்டார்கள். மூன்றாவது வீட்டுக்கு அவரே போகவில்லை.

இரண்டு நாள் கழித்துத் தண்ணீர்ப் பானையோடு அவர் வீட்டைத் தாண்டிப் போனேன். வாசலில் உட்கார்ந்து தன் வலது கையைத் தொடைமேல் வைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அந்தக் கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டார்.

"மருமவளே, நஷ்டம் ஜாஸ்தியா?"

"பரவால்ல மாமா."

"நான் வந்திருக்கக் கூடாதும்மா. ஒன் வீட்டுக்காரன்கிட்ட சொல்லு, சித்தப்பா மேல கோவம் வேணாம்னு."

நான் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டேன். பானை இடுப்பில் ஆடித் தண்ணீர் சேலையெல்லாம் நனைத்தது. அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். திருப்பிக் கத்தியிருப்பேன், கத்தினால் உண்மை வெளியே வந்திருக்கும்.

என் மனசாட்சி நேர்வழியில் வேலை செய்கிற ஜாதி இல்லை. சொல்லவும் தைரியமில்லை, சும்மா இருக்கவும் முடியவில்லை. அதனால் ஒரு சாக்குக் கண்டுபிடித்தேன். 'தழைதான் என்று உனக்கு எப்படித் தெரியும்? ஒருவேளை இல்லாவிட்டால்?' என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். முளைக்காத இடத்தில் தூவ என்று எடுத்து வைத்த விதைநெல் ஒரு படி இருந்தது. அதில் ஒரு பிடியைத் தண்ணீர் கட்டின அன்றைக்கே ஊறப் போட்டிருந்தேன். மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால், யாரும் வராத இடத்தில், இரண்டு தேங்காய்த் தொட்டியில் ஓடை மணலை நிரப்பினேன். முளைவிட்ட நெல்லை இரண்டிலும் என் கையாலேயே போட்டேன். ஒன்றுக்குக் கிணற்றுத் தண்ணீர். இன்னொன்றுக்கும் அதே கிணற்றுத் தண்ணீர்தான், ஆனால் தைலத் தழை ஊறிய தண்ணீர். வேறு எந்த வித்தியாசமும் கிடையாது.

அந்த மூன்று நாளும் நான் மாட்டுக்குத் தீனி வைக்கிற சாக்கில் எத்தனை தடவை அங்கே போனேன் என்று கணக்கே இல்லை. எதற்காக வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் வேண்டிக்கொண்டேன். இரண்டும் நன்றாக முளைத்தால் நான் தப்பித்தேன், மாமா கெட்டார். ஒன்று கெட்டால் மாமா தப்பித்தார். இரண்டும் நன்றாக முளைக்கட்டும் என்று ஒரு நிமிஷம் மனசு ஆசைப்பட்டது. அந்த நிமிஷத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

மூன்றாம் நாள் இரண்டு தொட்டியையும் வாளித் தண்ணீரில் கவிழ்த்து மணலை அலசினேன். கிணற்றுத் தண்ணீர் குடித்த முளையின் வேர் விரலைச் சுற்றிக்கொண்டது. தழைத் தண்ணீர் குடித்ததில் வேர் அரிசி நீளம், நுனி பழுப்பு. நாற்றங்காலில் நான் அள்ளிய அதே வேர்.

அதற்குப் பிறகாவது சொன்னேனா? இல்லை. அன்று சாயங்காலம் சாப்பாடு போடும்போது என் வீட்டுக்காரர், "சித்தப்பா பொண்ணு வந்து கூப்ட்டுக்கினு போவப்போவுதாம். இங்க இன்னா வேல அவருக்கு, இனிமே யாரு கூப்புடுவாங்க?" என்றார். வருத்தமாகத்தான் சொன்னார். நான் அவர் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினேன்.

பெண் வீட்டில் போய் உட்காருவது என்றால் எங்கள் பக்கத்தில் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். மருமகன் கை பார்த்துச் சாப்பிட வேண்டும். முப்பது வீட்டில் இலை போட்டுச் சாப்பிட்ட மனுஷர், சம்பந்தி வீட்டு மூலையில் தட்டை ஏந்துவார். அதுவும் போகும்போது கை கெட்டவர் என்ற பெயரோடு போவார். சாகிற வரைக்கும் அதை அவரே நம்புவார்.

மறுநாள் மறுவிதைப்புக்கு நெல் வாங்கச் சங்கராபுரம் போனேன். என் வீட்டுக்காரருக்கு வாய்க்கால் வேலை இருந்தது. விதை கொடுக்கிற இடத்தில் என்னைவிடச் சின்னப் பெண் ஒருத்தி, நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு வாரம் முன்னதானே வாங்கினீங்க? மறுபடி எதுக்கு?"

"நாத்து மெதந்துடுச்சும்மா. வேரே எறங்கல."

"தழை என்ன போட்டீங்க?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் ஊரில் ஒருவர் கூடக் கேட்காத கேள்வி. சொன்னேன். அவள் நோட்டிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

"தைலத் தழையைப் பச்சையா போடலாமா? அதுல இருக்கிற சாறு மண்ணுல இறங்கி இளவேரை வளர விடாது. அந்த மரமே தன் கீழே வேறெதையும் லேசுல வளர விடாதுல்ல? நல்லா மக்கினப்புறம் போட்டா அவ்வளவு கெடுதல் இல்ல. மக்காத வரைக்கும் கிட்டவே கொண்டுபோகாதீங்க. பார்த்தீனியமும் அப்படித்தான்."

ஒரு ஊரே ஒரு மனுஷரைக் கொன்றுகொண்டிருக்கிற விஷயம், அவளுக்கு எழுதிக்கொண்டே சொல்கிற விஷயமாக இருந்தது. அவள்மேல் எனக்குச் சம்பந்தமில்லாமல் கோபம் வந்தது. மூட்டையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். அந்த ரகத்தில் அவர்களிடம் இருந்த கடைசி மூட்டை அது. வழியெல்லாம் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று வந்தேன். வீட்டுக்கு வந்ததும் நாளைக்கு என்று ஆயிற்று. நாளையும் போனது.

அதற்கு அடுத்த நாள் காலையில் தெருவில் குழந்தைகள் கத்திக்கொண்டு ஓடின. திருநாவலூரிலிருந்து மாமாவின் பெண் வந்துவிட்டாள், பதினோரு மணி பஸ்ஸுக்குக் கிளம்புகிறார்கள் என்று சேதி. அடுப்பில் இருந்ததை இறக்கி வைத்தேன். கொட்டகைக்குப் பின்னால் போய், காய்ந்து போகாமல் ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்த இரண்டு பிடி முளையையும் எடுத்தேன். தலை கூட வாராமல் ஓடினேன்.

மாமா ஒரு கோணிப்பையின் வாயைக் கட்டிக்கொண்டிருந்தார். அவர் பெண் உள்ளே பாத்திரங்களை ஒழித்துக்கொண்டிருந்தாள். நான் மூச்சு வாங்க அவர் முன்னால் உட்கார்ந்து துணியை விரித்தேன்.

"மாமா, ஒங்க கை இல்ல. நான் போட்ட தைலத் தழை. அந்தத் தண்ணி குடிச்சது இது. வெறும் தண்ணி குடிச்சது இது. ரெண்டையும் என் கையாலதான் போட்டேன். பாருங்க."

அவர் குனிந்து பார்த்தார். நீள வேரை ஒரு விரலால் தொட்டார். குட்டை வேரைத் தொட்டார். உள்ளே பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது.

"இது எப்ப தெரியும் மருமவளே ஒனக்கு?"

மூன்று நாளாக என்று சொல்ல நாக்கு தயாராக இருந்தது. தொட்டியை அலசினது மூன்று நாளைக்கு முன்னால்தான், அது பொய்யும் ஆகாது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தண்ணி கட்டுன அன்னிக்கே தெரியும் மாமா. ஒம்போது நாளாச்சு."

"ஒம்போது நாளா" என்றார். திட்டவில்லை. கையை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்த ஒம்போது நாளும் இந்தக் கையால சோறு துன்னக்கூட எனக்குப் புடிக்கலம்மா."

நான் அழுதுவிட்டேன். அவர் பெண் வாசற்படியில் வந்து நின்றாள். அவள் பார்த்த பார்வையில் நான் பொசுங்கிப் போயிருக்க வேண்டும்.

"நீ எங்க கயனிக்கு இன்னா போட்டியோ, எங்க அப்பன் தலையில போட்டுட்டு, ஊமைச்சியாட்டம் உக்காந்துக்கினு இருந்தியா அண்ணி?" என்றாள். அவர்களுக்குக் கழனி இல்லை. கோபத்தில் என்ன பேசுகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. நான் மாமா பக்கம் திரும்பினேன்.

"மாமா, போவாதீங்க. புது வெத வாங்கியாந்து வெச்சிருக்கேன். நீங்கதான் வுடணும்."

"எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? இன்னிக்கு மடைகிட்ட தண்ணி பிரிக்க எல்லாரும் நிப்பாங்க. அங்க சொல்லு."

சொன்னேன். மடையருகே பதினைந்து பேர் நின்றுகொண்டிருந்தார்கள், என் வீட்டுக்காரரும் இருந்தார். குரல் நடுங்கத் தொடங்கி, பாதியில் எனக்கே உரிய கத்தலாக மாறி, எல்லாவற்றையும் சொன்னேன். மூலையைக் கொத்திக் கலைத்ததையும் சொன்னேன். முளைகளைக் காட்டினேன். பக்கத்துக் கழனிக்காரர் சிரித்தார்.

"தழை பயிரக் கெடுக்குமா? மாமன் மேல பாசத்துல கத வுடுது. தொட்டியில மொளைக்கறது வேற, கயனியில மொளைக்கறது வேறம்மா."

பாதிப் பேர் தலையாட்டினார்கள். அவ்வளவு வெட்கத்தையும் விட்டு நான் சொன்ன உண்மையை, அவர்கள் பொய் என்று எடுத்துக்கொண்டார்கள். நான் சிரிப்பதா அழுவதா என்று நின்றேன். என் வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. என்னையே பார்த்தார். எனக்கு நன்றாகத் தெரிந்த பொறுமை அந்த முகத்தில் இல்லை.

"வெத வெச்சிருக்கியா?" என்றார்.

"கீது."

"சித்தப்பாவ வரச் சொல்லு. இந்த முறையிலயே வுட்டுடலாம்."

வேறு இடத்தில் புதிதாக நாற்றங்கால் போட்டோம். பழைய இடத்துச் சேறு ஒரு கூடை கூட அங்கே வரவில்லை. தழையே இல்லை, மக்கின சாணி எரு மட்டும். நெல் ஊறி முளைகட்ட இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் மாமாவின் கோணிப்பை கட்டினபடியே கிடந்தது. அவர் பெண் ஊருக்குப் போகாமல் காத்திருந்தாள்.

விதைக்கிற காலையில் வரப்பெல்லாம் ஆள். மடையில் என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். மாமா குளித்துவிட்டு வந்தார். கூடைக்குள் கையை விட்டார். எடுத்த விதையை மறுபடி கூடையிலேயே விட்டார். யாரோ என்னவோ முணுமுணுத்தார்கள். இந்த முறை எலியோ, மழையோ, எது கெடுத்தாலும் பழி அவர்மேல்தான் விழும், அதற்குப் பிறகு அதை எடுக்க யாராலும் முடியாது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் மறுபடி கையை விட்டார். கிழக்கே திரும்பி வீசினார்.

மூன்றாம் நாள் மத்தியானம் மலைமேல் இருட்டிக்கொண்டு வந்து மழை கொட்டியது. நானும் என் வீட்டுக்காரரும் ஓடினோம். நாற்றங்காலில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. அவர் வரப்பை வெட்டி வடிய விட்டார், நான் அலுமினியச் சட்டியால் இறைத்தேன். கண்ணில் மழை விழுந்து எதுவும் தெரியவில்லை. முளை நிற்கிறதா, போகிறதா என்று காலால் தடவிப் பார்க்கவும் பயம். அந்த மழையிலும் எங்களுக்குள் ஒரு பேச்சு கிடையாது. மடையில் சொன்ன நாளிலிருந்தே அவர் என்னோடு பேசவில்லை.

ஆறாம் நாள் தண்ணீர் கட்டினோம். மடையை என் வீட்டுக்காரர் திறந்தார். மாமா வரப்பின் கடைக்கோடியில், எல்லோருக்கும் பின்னால் நின்றார். தண்ணீர் மெல்ல ஏறியது. முளைகள் சாய்ந்தன. பிறகு ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. தெற்கு வரப்போரம் ஒன்று கூட ஒதுங்கவில்லை. பக்கத்துக் கழனிக்காரர் இறங்கி ஒன்றைப் பிடுங்கினார், பலமாக இழுத்துத்தான் பிடுங்க வேண்டியிருந்தது. வேரை எல்லோருக்கும் காட்டினார். "நாளன்னிக்கு நம்மளுதுக்கு வந்துடுங்க மாமா" என்று அங்கிருந்தே கூவினார்.

மாமா திருநாவலூர் போகவில்லை. பெண் மட்டும் பஸ் ஏறினாள். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை, அது நியாயம்தான். அந்தப் புரட்டாசியில் பிந்திப்போன வீட்டு நாற்றங்கால்களுக்கெல்லாம் அவர்தான் விதை விட்டார். தைலத் தோப்புத் தழையை அதற்குப் பிறகு எங்கள் பக்கத்தில் யாரும் நாற்றங்காலுக்குத் தொடவில்லை. என் வீட்டுக்காரரும் நடவு முடிந்ததும் பேசத் தொடங்கினார். "இன்னும் கொஞ்சம் சோறு போடு" என்பதுதான் முதல் பேச்சு.

அடுத்த ஆவணியில் கொளுஞ்சி மிதித்து, பத்து நாள் அழுக விட்டு, மாமா வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டேன். உட்காரச் சொன்னார். மோர் கொடுத்தார். நன்றாகத்தான் பேசினார்.

"ஒம் மேல கோவம் இல்ல மருமவளே. நீ மடையில நின்னு சொன்னது எவளும் சொல்ல மாட்டா. ஆனா ஒங்க கயனியில எறங்குனா, என் கைய நானே மறைச்சுக்கினு உக்காந்திருந்தது நெனப்புக்கு வருது. ஒன் வூட்டுக்காரனையே வுடச் சொல்லும்மா."

மற்ற எல்லா வீட்டிலும் அவர் விதைத்தார். சாகிற வருஷம் வரைக்கும் விதைத்தார். எங்கள் நாற்றங்காலில் மட்டும் இறங்கவில்லை. நானும் இரண்டாம் தடவை போய்க் கேட்கவில்லை.